எழுத்தில் மட்டும் வாழும் வினைச்சொற்கள்

பிரெஞ்சு மொழியில் ஒரு வினைவடிவம் உண்டு. முன்னொரு காலத்தில் ஒருவர் விரும்பியதையும் அஞ்சியதையும் நடக்க வேண்டும் என்று நினைத்ததையும் சொல்வதற்கென்றே ஏற்பட்டது. ‘அவன் பாட வேண்டும் என்று விரும்பினேன்’ என்னும்போது, விரும்பியது இறந்தகாலம் என்றால் பாடுதலும் அதற்கேற்ற தனி விகுதியை ஏற்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் அதை ‘அம்பார்ஃபே து சுப்ஜோன்க்திஃப்’ என்பர். நாம் விழைவு இறந்தகாலம் என்று வைத்துக்கொள்ளலாம். பாடுதலைக் குறிக்கும் ‘ஷான்தே’ என்ற வினையை எடுத்தால், நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஷான்தாஸ், ஷான்தாஸ், ஷான்தா, ஷான்தாசியோன், ஷான்தாசியே, ஷான்தாஸ் என்று அது ஓடும். ஒரு காலத்தில் பிரெஞ்சு மேன்மக்கள் வாயில் வழங்கிய வடிவம் இது. இன்று பாரிஸ் கடைத்தெருவில் ஒருவர் இப்படிப் பேசினால் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று நினைப்பார்கள்.

பேச்சிலிருந்து இது விழுந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. இந்த வடிவத்துக்கு அடி, ‘பாஸே சாம்ப்ள்’ எனப்படும் எளிய இறந்தகாலம். அந்த இறந்தகாலமே பேச்சை விட்டுக் கதைப் புத்தகத்துக்குள் ஒதுங்கியபோது, அதை நம்பிப் பிறந்ததும் கூடவே ஒதுங்கியது. மற்றது ஓசை. ‘ஆஸ்’ என்று முடியும் பெயர்ச்சொற்களில் பல பிரெஞ்சில் இளப்பமான பொருள் தருபவை. உருக்கமாகப் பேச வந்தவன் ‘ஷான்தாசியே’ என்று முடித்தால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும்.

பேச்சு கைவிட்டதைப் பள்ளிக்கூடம் உடனே கைவிடவில்லை. 1901 பெப்ரவரி 26ஆம் திகதி பிரான்சின் கல்வி அமைச்சர் ழார்ழ் லேக் ஓர் ஆணை பிறப்பித்தார். முதன்மை வினை நிபந்தனை வடிவில் வரும் வாக்கியங்களில், விழைவு இறந்தகாலத்துக்குப் பதிலாக விழைவு நிகழ்காலத்தை எழுதும் மாணவனுக்குத் தேர்வில் பிழை போடக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. முதன்மை வினை இறந்தகாலமாகவே இருந்தாலும் அதே சலுகை உண்டு என்று சொல்ல 1976 டிசம்பர் 28 வரை, இன்னோர் அமைச்சர் ரெனே ஆபி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இடையே முக்கால் நூற்றாண்டு. 1990இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, இகர உகர எழுத்துகளின் மேலிருந்த தொப்பிக் குறியைப் பல சொற்களில் விட்டுவிடலாம் என்றது. பேசுவார் இல்லாத இந்த வடிவத்தின் தொப்பியை அது கழற்றவில்லை. செத்துப்போனதற்குச் செய்யும் மரியாதை எந்த மொழிக்காரரிடமும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளும் இதை நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். 1826இல் தொடங்கிய பிரெஞ்சுக் கல்லூரி புதுச்சேரியில் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அரசு வேலைக்கு வழி பிரெஞ்சுப் பரீட்சை வழியாகத்தான் போனது. அந்தப் பரீட்சைக்கு வினைத்திரிபு அட்டவணை முதுகெலும்பு. 1954 நவம்பர் 1ஆம் திகதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் பிரெஞ்சு நிலைத்தது. மற்ற வீடுகளில் அது தாத்தாவின் சான்றிதழோடு பெட்டிக்குள் போனது.

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் அக்காவின் மகள் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு இரவு நேரங்களில் கைபேசியில் பிரெஞ்சு படிக்கிறாள். கனடா 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனியாகத் தெரிந்தெடுத்து நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்கிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் 7ஆம் நிலை எட்ட வேண்டும். அவளுடைய பாடநூலில் விழைவு நிகழ்காலத்துக்கு நிறையப் பயிற்சிகள் இருக்கின்றன. விழைவு இறந்தகாலம் பின்னிணைப்பில், கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும் என்ற அளவில் நிற்கிறது. அதென்ன எழுத்தில் மட்டும் வரும் வினை என்று நான் எனக்குத் தெரிந்ததை விளக்கத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“விளங்குது மாமா. சிங்களத்துல லியமி, லியமு இருக்கே, அது மாதிரித்தானே.”

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததைவிட, அதை இவ்வளவு இலேசாக அவள் சொன்னதுதான் எனக்குப் புதிது.

பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான் எழுதினாலும், நாங்கள் எழுதினாலும், அவன் எழுதினாலும், அவர்கள் எழுதினாலும் ‘லியனவா’ ஒன்றுதான். எழுத்துச் சிங்களத்தில் அப்படி இல்லை. மம லியமி, அபி லியமு, ஒஹு லியயி, ஒவுஹு லியத்தி என்று ஒவ்வோர் எழுவாய்க்கும் ஒரு முடிவு. இறந்தகாலத்தில் செய்தான் என்பதற்குக் களேய, செய்தாள் என்பதற்குக் களாய, செய்தார்கள் என்பதற்குக் களோய. எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போவதைச் சிங்களப் பாடசாலைகளில் உக்த ஆக்யாத இயைபு என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சிங்களப் பிள்ளைகளே பரீட்சையில் அதிகம் இடறும் இடங்களில் அது ஒன்று. வீட்டில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லையே. பிரான்சில் ஓர் அமைச்சர் தளர்த்திய கயிற்றை இங்கே யாரும் தளர்த்தவில்லை. குமாரதுங்க முனிதாச போன்றவர்கள் 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அதை இறுக்கியே கட்டினார்கள். பேச்சுச் சிங்களத்தில் கதை எழுதலாம்; அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத முடியாது.

தமிழ்ப் பிள்ளைக்கு நிலைமை வேறு. போறேன், போறோம், போறான், போறா, போறாங்க என்று நம் வினை வாயிலேயே ஆளுக்கொரு விகுதியோடு பிறக்கிறது. நியாயப்படி பார்த்தால் லியமி லியமு தமிழ்ப் பிள்ளைக்குத்தான் இலேசாக வர வேண்டும். வராமல் போனதற்குக் காரணம் இலக்கணம் அல்ல. அந்தச் சிங்களம் இருந்த இடத்துக்கு, கந்தோர் மேசைக்கும் வகுப்பறைக்கும், தோட்டத்துப் பிள்ளை போகவில்லை.

தோட்டத்தில் வினைச்சொல்லை முதலில் புத்தகம் வைத்துப் படித்தவர்கள் துரைமார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பு ஃபெர்குசன் குடும்பத்தார் சின்னத்துரைமாருக்கென்று ஒரு தமிழ்க் கையேடு வெளியிட்டனர். அதன் பெயரே ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொன்று வந்தது. அதற்குப் பெயர் ‘கூலித் தமிழ்’. தேயிலை, றப்பர் தோட்டத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழ் என்று அட்டையிலேயே சொல்லியிருந்தார்கள். சீமையிலிருந்து வந்து இறங்கும் பத்தொன்பது இருபது வயதுப் பையன், பிரட்டுக் களத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் நிற்கும்போது அவனுக்கு வேண்டியது ஏவல் வினை. வா, போ, வெட்டு, நிறுத்து, கொண்டா. மரியாதைப் பன்மை அவனுக்குத் தேவைப்படவில்லை. ‘வாங்க’ என்று ஒரு தொழிலாளியிடம் சொல்ல வேண்டிய நேரம் அவனுடைய நாளில் வராது. தன்மை வினை கொஞ்சம் வேண்டியிருந்தது, பேர் வெட்டிப்போடுவேன் என்று சொல்வதற்கு.

வெள்ளைக்காரரில் நல்ல தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள். கேட்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு மொழியை மேலிருந்து படிப்பவனுக்கு அதில் பாதி வடிவங்கள் போதும். கீழிருந்து படிப்பவனுக்கு எல்லாம் வேண்டும்.

கீழிருந்து படிக்கும் காலம் பிறகு வந்தது. சப்ரகமுவத் தோட்டங்களின் அமைப்பு நுவரெலியாப் பக்கம் போன்றதல்ல. அங்கே ஒரு தோட்டம் முடிய அடுத்த தோட்டம் தொடங்கும். கடை, கோயில், பாடசாலை என்று தமிழிலேயே நாளை ஓட்டிவிடலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டம் சிறியது. நான்கு பக்கமும் சிங்களக் கிராமம். றப்பர் மலைக்கும் வயலுக்கும் இடையில் ஓர் ஓடை, சில இடங்களில் அதுவும் இல்லை. பால் வெட்டக் கிராமத்துப் பெண்களும் வருவார்கள். கடைக்காரன், பஸ் கொண்டக்டர், வைத்தியசாலைத் தாதி எல்லோரும் சிங்களம். ஆகவே தெஹியோவிட்டையிலோ இறக்குவானையிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு ஐந்து வயதில் சிங்களம் வந்துவிடும். எங்கள் அப்பாயி எழுத்தறியாதவர். சந்தையில் அவர் பேசும் சிங்களத்தைக் கேட்டு ஊர்க்காரர்கள் அவரை நாட்டுப்புறத்துச் சிங்களப் பெண் என்று நினைத்ததுண்டு.

ஆனால் அவருக்குத் தெரிந்தது லியனவாச் சிங்களம். லியமிச் சிங்களம் வேறு சாதி.

முதலில் அரசாங்க மொழி ஆங்கிலம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு வாய்த்தது கந்தோரில் இருந்த கிளாக்கரின் ஆங்கிலம். அதில் ஓர் ஆறுதல் உண்டு: அந்த மொழி யாருக்குமே தெரியாது, கிராமத்துச் சிங்களவருக்கும் தெரியாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961 ஜனவரி முதல் நிர்வாகம் முழுக்கச் சிங்களம் என்றாயிற்று. கிராமத்துச் சிங்களவருக்கு அன்றைக்குக் கதவு திறந்தது. தமிழருக்கு, நன்றாகப் பேசத் தெரிந்த மொழியிலேயே வாசிக்க முடியாத கடிதம் வரத் தொடங்கியது. இந்த இரண்டாவது ஊமைத்தனம் முதலாவதைவிடக் கூடுதலாகக் குத்தியது என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள்.

அப்போதுதான் பெட்டிசம் எழுதுகிறவருக்கு மவுசு வந்தது. இரத்தினபுரிக் கச்சேரிக்கு எதிரிலும், கேகாலையிலும், அவிசாவளை நீதிமன்றத்துப் பக்கத்திலும் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஒரு குடை. மக்கள் தங்கள் குறையைப் பேச்சுச் சிங்களத்தில் சொல்வார்கள், அல்லது தமிழில் சொல்ல ஒருவர் இடையில் நின்று மாற்றுவார். அவர் அதை எழுத்துச் சிங்களமாக்குவார். எந்தக் குறையும் கடைசியில் ஒரே இடத்தில் போய் முடியும்: ‘இல்லா சிட்டிமி’. கேட்டு நிற்கிறேன் என்று பொருள். ஒருவர் கைநாட்டுப் போட்டால் சிட்டிமி. லயத்தார் எல்லோரும் சேர்ந்து போட்டால் சிட்டிமு. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டை எங்கள் அப்பா அறிந்திருந்தார். பலமுறை கேட்டுப் பழகியதால் வந்த அறிவு. அந்த இரண்டு விகுதிக்கு அப்பால் எழுத்துச் சிங்களத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெட்டிசக்காரர் அவசரத்தில் மி போட்டுவிட்டால், இத்தனை பேர் கையெழுத்துக்கு மு வரவேண்டும் என்று சொல்லித் திருத்தவைப்பாராம். புதுச்சேரித் தாத்தாமார் நெட்டுருப் போட்ட அட்டவணையைப் போல இதுவும் ஒரு வினைத்திரிபுப் பாடம்தான், இரண்டே வரி.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றும் முடிவானது. அந்த எஞ்சியவர்களை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விண்ணப்பங்கள், சாட்சியங்கள், கடவுச்சீட்டு, சேமலாப நிதிக்கான எழுத்துவேலை என்று பெட்டிசக்காரர்களுக்கு ஓய்வில்லாத காலம் அது. 1975இல் தோட்டங்களும் அரசுடைமையாயின. அதன்பின் 1977 ஆகஸ்ட். 1981 ஆகஸ்ட். 1983 ஜூலை. தமிழருக்கு எதிரான கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்கள் எரிந்தன. முதல் இரண்டு தடவையும் அடி பலமாக விழுந்த இடங்களில் இரத்தினபுரி மாவட்டம் ஒன்று. அப்பாயியின் நல்ல சிங்களம் அன்றைக்கு உதவியதா என்று கேட்டால், சிலருக்கு உதவியது, அடுத்த வீட்டுச் சிங்களவர் ஒளித்துவைத்ததால் பலர் தப்பினார்கள் என்பதும் உண்மை. ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அவர்களில் சிலரது பிள்ளைகள்தான் இன்று பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் கடையில் நிற்கிறார்கள். அகதி விண்ணப்பத்துக்கான வாக்குமூலத்தைப் பிரான்சில் பிரெஞ்சிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். 21 நாள் தவணை. அங்கேயும் ஒரு பெட்டிசக்காரர் இருந்திருப்பார்.

கப்பலேறி இந்தியா போனவர்களின் கதையில் எனக்கு ஒரு சிறு வியப்பு உண்டு. பால் வெட்டத் தெரிந்தவர்களை இந்திய அரசு றப்பர்த் தோட்டங்களிலேயே குடியமர்த்தியது. கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் கழகம், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதி, கேரளத்தில் புனலூர். புனலூரில் 1976இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் அமைத்தார்கள். அங்கே போனவர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது மலையாளம். மலையாள வினையும் பேச்சுச் சிங்களம் போலத்தான்: ஞான், நீ, அவன், அவர் எல்லோருக்கும் ‘போகுன்னு’ ஒன்றே. பழைய மலையாளத்தில் இருந்த விகுதிகள் உதிர்ந்துவிட்டன. விகுதி இல்லாத வினைகளின் நடுவே இருந்து கிளம்பி விகுதி இல்லாத வினைகளின் நடுவே போய் இறங்கியவர்கள், வீட்டுக்குள் மட்டும் போறேன் போறோம் என்று இரண்டு நாட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போகாமல் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதே இன்றைய கதை.

தோட்டப் பாடசாலை என்றால் அன்று ஒரே மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்யும் கடமையைத் தோட்டத்தார் மேல் போட்டிருந்தது. பெரும்பாலும் கடமைக்கே நடந்தது. 1970களின் கடைசியில் அரசாங்கம் இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. சுவீடன் உதவியோடு கட்டடமும் ஆசிரியப் பயிற்சியும் வந்தன. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் பாடசாலையில் இரண்டாம் மொழியாயின. 2003இன் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற பெயர் போனது. 2007 ஜூலை முதல் அரசாங்க வேலையில் சேர்பவர் மற்ற மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெரிய வெற்றிதான். பலவற்றுக்குப் பின்னால் ஊர்வலமும் பேச்சுவார்த்தையும் சிறையும் இருந்தன.

ஆனால் சப்ரகமுவத்தில் பெற்றோர் இன்னொரு கணக்குப் போட்டார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் தமிழில் படிக்கத்தக்க பாடசாலைகள் மிகச் சில, அவையும் தொலைவில். பக்கத்துச் சிங்களப் பாடசாலை நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆசிரியர் இருக்கிறார், ஆய்வுகூடம் இருக்கிறது. பிள்ளைக்குப் பேச்சுச் சிங்களம் ஏற்கெனவே தண்ணீர்பட்ட பாடு. ஆகவே முதலாம் வகுப்பிலேயே சிங்கள மொழிமூலத்தில் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் அக்காவும் அப்படித்தான் சேர்த்தாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியாது. எனக்குக் கிடைத்த தமிழ்ப் பாடசாலையில் சாதாரண தரத்துக்குக் கணித ஆசிரியர் இருந்ததில்லை.

அதன் பலனை அக்கா மகளிடம் பார்த்தேன். சிங்கள இலக்கணப் பாடத்தில் எழுவாய் பயனிலை இயைபுக் கேள்விக்கு அவளுக்கு முழுப் புள்ளி கிடைக்கும். வகுப்பில் சிங்களப் பிள்ளைகள் அவளைக் கேட்டு எழுதுவார்கள். வீட்டுத் தமிழில் வினைக்கு விகுதி இருப்பது அவளுக்குத் தெரியாமலேயே அவளுக்கு உதவியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான், அவளிடம் சொன்னபோது சிரித்தாள். லயத்து வீடுகளுக்குக் கிராம உத்தியோகத்தரிடமிருந்தோ மின்சார சபையிலிருந்தோ வரும் எந்தக் கடிதமும் இப்போது அவளிடம்தான் வருகிறது. பதிலும் அவளே எழுதுகிறாள், கைபேசியில் தட்டி, யட்டியாந்தோட்டையில் அச்செடுத்து. டைப்ரைட்டர் மேசைகளை நான் போகும் இடங்களில் அபூர்வமாகவே பார்க்கிறேன். அப்பா மி, மு இரண்டுக்கும் வழக்காடிய இடத்தில், அவரது பேத்தி களேய, களாய, களோய மூன்றையும் யோசிக்காமல் எழுதுகிறாள். பெட்டிசக்காரருக்குக் கொடுத்த காசு மிச்சம். அதைவிட, தன் குறையை அந்நியன் ஒருவனிடம் தெருவோரத்தில் நின்று சொல்லும் வெட்கமும் மிச்சம். பெண்கள் பலர் பெட்டிசக்காரரிடம் சொல்லாமலே விட்ட குறைகள் எத்தனையோ.

இழந்ததை அளப்பது இவ்வளவு இலேசில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும். வாசிக்கத் தட்டுத்தடுமாறி வரும், கோயில் அறநெறிப் பாடசாலையில் பழகிய அளவுக்கு. ‘வருகின்றனர்’, ‘அறியத்தருகின்றேன்’, ‘கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்’ போன்ற எழுத்துத் தமிழ் வினைகள் அவளுக்கு அந்நியம். நாம் எல்லோரும் வீட்டில் ‘வாறாங்க’ என்று சொல்லி, தாளில் ‘வருகின்றனர்’ என்று எழுதப் பள்ளிக்கூடத்தில்தான் பழகினோம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் போகவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு ஷான்தாசியோன் எப்படியோ, சிங்களக் கிராமத்தாருக்கு லியத்தி எப்படியோ, அவளுக்குத் தமிழின் ‘அனர்’ அப்படி. ஒரு வேறுபாடு உண்டு. பிரெஞ்சுக்காரர் தம் பழைய விகுதியைத் தாமே கூடிப் பேசி, ஆணை போட்டு, முக்கால் நூற்றாண்டு எடுத்துக் கைவிட்டார்கள். இங்கே ஒரு வீட்டில் ஒரே தலைமுறையில், முதலாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் மொழிமூலம் என்ற கட்டத்தை நிரப்பியபோது அது நடந்து முடிந்தது.

தமிழ்மூலத்திலேயே படித்து, சிங்களத்தை இரண்டாம் மொழியாக நன்றாகக் கற்று, இரண்டு எழுத்து வழக்கும் கைவந்த பிள்ளைகளும் இரத்தினபுரிப் பக்கத்தில் இருக்கிறார்கள். பெலிஹுல்ஓயாவில் 1990களின் நடுவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் வந்த பிறகு, உயர்கல்வி மாகாணத்துக்குள்ளேயே இருக்கிறது என்ற எண்ணமாவது தோட்டத்து வீடுகளில் ஏற்பட்டிருக்கிறது. இப்படி இரண்டு எழுத்தும் கைவந்த பிள்ளைகள் பெருகினால் நல்லது. அவர்கள் பெருகுவதற்குத் தமிழ்ப் பாடசாலையில் கணித ஆசிரியரும் சிங்கள ஆசிரியரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அது இலக்கணத்தின் கையில் இல்லை.

பிரெஞ்சில் அவள் இப்போது விழைவு நிகழ்காலத்தில் நிற்கிறாள். ‘நான் போக வேண்டும்’ என்பதற்கு ‘இல் ஃபோ க் ஜாய்’ என்று சொல்லிப் பழகுகிறாள். வீட்டில் எல்லோருக்கும் அது பாடமாகிவிட்டது. பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, பரீட்சைக்கு வராது என்றாள். அந்தச் சொல்லில் அவள் தாத்தாவின் சாயல் எனக்குத் தெரிந்தது. அவரும் தேவையான இரண்டு விகுதியோடு நிறுத்திக்கொண்டவர்.

சென்ற ஆண்டு என் அம்மாவின் (அவளுக்கு அம்மாயி) முதியோர் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சட்டப்படி எப்படி வர வேண்டுமோ அப்படியே வந்தது: ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். ‘சமுகமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்’ என்று தமிழ்ப் பக்கம் முடிந்திருந்தது. அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி அந்தப் பக்கத்தை இரண்டு வரி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பி, சிங்களத்தை ஒரே மூச்சில் வாசித்து, “புதன்கிழமை அடையாள அட்டையோட வரச் சொல்லியிருக்காங்க அம்மாயி” என்றாள்.